தெளிந்த நீரும் தேர்ந்த நீரும்

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது அன்னூர். மன்னீசுவரர் கோயில் கொண்டுள்ள பழம்பதி அது. ஆற்றுப் பாசனம் இல்லாத மேட்டு நிலம். அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வாழ்ந்து வந்தது வானத்தையும் கிணற்றையுமே. கொங்கு நாட்டின் நிலத்தடி பெரும்பாலும் கடும் பாறை. மேலே சிதைந்த பாறையும் மண்ணும் கலந்த ஓர் அடுக்கு. அதன்கீழே வெடிப்பும் பிளவும் உடைய பாறை. மழைநீர் அந்த வெடிப்புகளின் வழியே இறங்கித் தங்குகிறது. அந்த நீரைத் தேடியே கொங்கு வேளாளர் பாறையை உடைத்துப் பெருங்கிணறுகள் தோண்டினர். எருது பூட்டிக் கவலை இறைத்த காலம் ஒன்று இருந்தது. 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர் மின்சார இறைப்பிகள் வந்தன. அதன்பின் ஆழ்துளைக் கிணறுகள் தோன்றி, நீர் கிடைக்கும் ஆழம் நூற்றுக்கணக்கான அடிகளாயிற்று. சிற்றூர்கள் சிலவற்றில் ஆயிரம் அடியையும் கடந்தது.

நீர் எவ்வளவு ஆழத்தில் கிடைக்கும் என்னும் கேள்வியை நாம் ஓயாமல் கேட்கிறோம். கிடைத்த நீர் எத்தகையது என்னும் கேள்வியை அவ்வளவாகக் கேட்பதில்லை. மாணவ நண்பர்களே, இந்த இரண்டாம் கேள்விக்கு மனிதன் விடை காணக் கற்ற வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நீரைச் சோதிக்கும் முதல் ஆய்வுக்கூடம் நம் வீட்டுச் சமையலறையே. புதுக்கிணறு வெட்டிய வீட்டில் மூதாட்டி ஒருத்தி முதலில் ஒரு கை நீரை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பாள். பிறகு அந்நீரில் துவரம் பருப்பை வேகவைப்பாள். பருப்பு எளிதில் வெந்தால் அது நல்ல தண்ணீர். வேகாமல் விறைத்து நின்றால் ஆகாத தண்ணீர். துணி துவைக்கும்போது சோப்பு நுரைக்கிறதா, கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஒட்டுகிறதா என்றும் கவனிப்பாள். இவை வெறும் வழக்கங்கள் அல்ல. கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்த நீரைக் கடினநீர் என்கிறோம். பருப்பு வேகாமைக்கும் சோப்பு நுரையாமைக்கும் காரணம் அவ்வுப்புகளே. இரசாயன நூலைப் படிக்காமலே நம் பெண்கள் இரசாயனச் சோதனை நடத்தி வந்திருக்கிறார்கள். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைக்கவும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

எனினும் நாவுக்கும் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. உவர்ப்பை நா அறியும். கலங்கலைக் கண் அறியும். சுவையும் நிறமும் மணமும் இல்லாத கேட்டை அவை அறியமாட்டா. இவ்வுண்மையை உலகம் மிகுந்த விலை கொடுத்தே கற்றது.

1854-ஆம் ஆண்டின் கோடையிறுதியில் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா நோய் பரவிற்று. பிராடு தெருவைச் சுற்றிய சிறு வட்டாரத்தில் மட்டும் பத்து நாட்களுக்குள் 500 பேருக்கு மேல் மாண்டனர். அத்தெருவில் ஒரு குழாய்க்கிணறு இருந்தது. அதன் நீர் சுவையானது என்று பெயர் பெற்றிருந்தது. அந்த வட்டாரத்தைவிட்டு ஆம்ப்ஸ்டெடு என்னும் இடத்துக்குக் குடிபெயர்ந்த கைம்பெண் ஒருவர், அதன் சுவையை மறக்கமாட்டாமல் அந்நீரை நாள்தோறும் தருவித்துக் குடித்தார், காலராவினால் இறந்தார். அவர் இருந்த இடத்தில் வேறு எவருக்கும் அந்நோய் வரவில்லை. ஜான் சினோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்து, இறந்தோர் எந்த நீரைக் குடித்தார்கள் என்று கணக்கெடுத்தார். செப்டம்பர் 8-ஆம் நாள் அந்தக் கிணற்றின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சினோ அந்நீரை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஐயமறச் சொல்லத்தக்க எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. அவருக்கு உண்மையை உணர்த்தியது இறந்தோர் கணக்கே. ஆய்வுக்கூடம் அன்று ஊமையாக இருந்தது. அதற்கு வாய் கொடுத்த வரலாறு இனி வருகிறது.

நீரில் கரைந்துள்ள உப்புகளை ஆராயும் கலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டில் இராபர்ட்டு பாயில் தாவரச் சாறுகளின் நிறமாற்றத்தைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிந்தார். 1778-இல் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரத்து அறிஞர் தோர்பேர்ன் பெர்க்மன், நீரை முறைப்படி பகுத்தாராயும் வழிகளைத் தொகுத்து எழுதினார். ஆனால் ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்வது வேறு. எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது வேறு. பின்னதே அரிது, பின்னதே பயன் தருவது.

1840-களில் ஸ்காத்லாந்தின் அபர்தீன் நகரில் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க்கு, நம் வீட்டுச் சோப்புச் சோதனையையே அளவுச் சோதனையாக மாற்றினார். குறிப்பிட்ட வலிமையுள்ள சோப்புக் கரைசலை நீரில் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்கி, கலையாத நுரை தோன்றும் வரை எவ்வளவு செலவாயிற்று என்று அளந்தார். நுரைக்கிறதா என்ற கேள்வி எத்தனை அளவில் நுரைக்கிறது என்று மாறிற்று. இந்தச் சிறு மாற்றத்திலேதான் அறிவியல் பிறக்கிறது.

அடுத்து 1856-இல் செருமானிய அறிஞர் கார்ல் பிரீதரிக்கு மோர், உவர் நீரை அளக்கும் வழி கண்டார். கல்லூரி மாணவர் பலரும் இதைத் தம் கையாலே செய்திருப்பர். அளந்தெடுத்த கிணற்று நீரைக் கூம்புக் குடுவையில் விட்டு, பொட்டாசியம் குரோமேட்டுக் கரைசலைச் சில துளிகள் சேர்த்தால் நீர் மஞ்சளாகும். அதில் பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் துளித்துளியாக விட வேண்டும். வெள்ளி முதலில் நீரிலுள்ள குளோரைடைத் தேடிப் பற்றி வெண்மையான வீழ்படிவாகும். குளோரைடு முழுதும் தீர்ந்த பின்னர், அடுத்த துளி குரோமேட்டுடன் சேர்ந்து செங்கல் நிறம் காட்டும். அக்கணமே நிறுத்தி, செலவான கரைசலைப் படித்தால் உப்பின் அளவு தெரிந்துவிடும். உவர்ப்பு என்று நா சொல்லும் ஒற்றைச் சொல்லுக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. கடினத்தன்மையை அளப்பதற்கும் 1940-களில் சூரிக்கு நகரத்துச் சுவார்சன்பாக்கு செம்மையான வழி தந்தார். ஈ.டி.டி.ஏ. என்னும் பொருள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கௌவிக்கொள்ளும். அவை தீர்ந்ததும் சாயம் ஒன்று திராட்சைச் சிவப்பிலிருந்து நீலமாக மாறி முடிவைக் காட்டும். கிளார்க்கின் சோப்புப் புட்டி ஓய்வு பெற்றது.

நோய்க் கிருமிகளின் கதை வேறு. 1884-இல் இராபர்ட்டு காக்கு கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்தார். மக்கள் புழங்கிய குளத்து நீரிலும் அதைக் கண்டார். ஆனால் நோய்க் கிருமிகள் பலவகை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கிணற்றிலும் தேடுவது ஆகாத காரியம். 1885-இல் தியோடர் எஷரிக்கு மனிதக் குடலில் இயல்பாக வாழும் ஒருவகை நுண்ணுயிரை விவரித்தார். குடலில் வாழ்வது கிணற்றில் காணப்பட்டால், மலக்கழிவு அங்கே புகுந்துவிட்டது என்பது வெளிப்படை. கள்வனைக் காணாவிடினும் அவன் காலடித்தடத்தைக் காண்பது போன்றது இது. இன்றும் அம்முறையே கையாளப்படுகிறது. பால்வெல்லமும் பித்த உப்பும் சேர்ந்த ஊட்டக் கரைசலில் நீரை விட்டு, 37 பாகை வெப்பத்தில் 48 மணி நேரம் வரை வைப்பர். உள்ளே கவிழ்த்து வைத்த சிறு குழாயில் வாயு சேர்ந்தால், ஐயத்துக்கு இடம் உண்டாயிற்று என்று கொண்டு மேலும் சோதிப்பர்.

நம் மாகாணத்தில் இப்பணிக்கு இருப்பிடமாக அமைந்தது சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம். 1899-இல் தோற்றம் பெற்ற அந்நிலையம், சுகாதார ஆணையராக விளங்கிய டபிள்யூ. ஜி. கிங் என்பாரின் பெயர் தாங்கியது. அங்கே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி இந்தியாவின் நீர் வரலாற்றில் மறக்கத்தகாதது.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தின் சில சிற்றூர்களில் விந்தையான நோய் ஒன்று நிலவிற்று. சிறுவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. வயது வந்தோரின் முதுகெலும்பு மெல்ல மெல்ல இறுகிற்று. குனியவும் நிமிரவும் இயலாமல் கட்டை போலாயினர். உழைத்து வாழ வேண்டியவர்கள் நடுவயதிலேயே முடங்கினர். அவர்கள் குடித்த கிணற்று நீரில் கலங்கல் இல்லை. கெட்ட நாற்றமும் இல்லை. கிங் நிலையத்தின் இயக்குநர் எச். ஈ. ஷார்ட்டும், அவருடன் சி. ஜி. பண்டிட்டு, டி. என். எஸ். இராகவாச்சாரி ஆகியோரும் இதனை ஆராய்ந்து, நீரில் கரைந்திருந்த புளோரைடே இதற்குக் காரணம் என்று 1937-இல் வெளியிட்டனர். பாறையில் இயற்கையாகவே அமைந்த தாதுப்பொருளிலிருந்து அது நீரில் இறங்கியிருந்தது.

இக்கண்டுபிடிப்புக்கு ஆறாண்டுகளுக்கு முன், 1931-இல், அமெரிக்காவில் எச். வி. சர்ச்சில் என்னும் இரசாயன அறிஞர் நிறமாலைக் கருவி கொண்டு நீரை ஆராய்ந்தபோதுதான், பற்கறைக்கும் புளோரைடுக்கும் உள்ள உறவு தெரியவந்தது. அதுவரை குடிநீர்ச் சோதனையில் அந்தப் பொருளைப் பொதுவாகத் தேடுவதில்லை. தேடாத பொருள் அகப்படாது. ஆய்வுக்கூடத்துக்கு இது நிலையான எச்சரிக்கை. பிற்காலத்தில் 1966-இல் பிராண்டும் ராசும் அமைத்த மின்முனை, புளோரைடை மட்டும் தனியே உணர்ந்து சில நிமிடங்களில் அளவைச் சொல்லத் தொடங்கிற்று.

புளோரைடின் எல்லை எவ்வளவு நுண்ணியது என்று பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை கூறுகிறது. ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றில் ஒன்றரைக் கிராம். ஒரு சிட்டிகை அளவு. அதற்கு மேற்பட்டால் பல்லும் எலும்பும் பழுதுபடலாம். நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு அகலாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது. இத்துன்பம் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும் உரியதே. அவ்விரு மாவட்டங்களின் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-இல் செயலுக்கு வந்தது.

புளோரைடு இயற்கை தந்த கேடு. மனிதன் தானே விளைத்துக்கொள்ளும் கேடுகளும் உண்டு. 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்னும் மருத்துவர், கிணற்று நீரில் கலந்த நைட்ரேட்டினால் பச்சிளங் குழந்தைகளின் உடல் நீலம் பாய்வதை எடுத்துக் காட்டினார். நைட்ரேட்டு இரத்தத்தைக் கெடுத்து, உயிர்வளியை ஏந்திச் செல்லும் ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. அளவுக்கு மிஞ்சி இட்ட உரத்திலிருந்தும், மாட்டுத் தொழுவத்திலிருந்தும், கிணற்றை ஒட்டிய மலக்குழியிலிருந்தும் அது நிலத்தடிக்கு இறங்குகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாது என்பது இந்தியத் தரநிலை. இதில் விலக்கே இல்லை. வேளாண்மை செழிக்கும் ஊர்களில் இச்சோதனை இன்றியமையாதது.

ஈயம், குரோமியம், ஆர்சனிக்கு போன்றவை இன்னும் நுண்ணளவில் கேடு செய்வன. ஆர்சனிக்கின் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 1955-இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஆலன் வால்ஷ் வெளியிட்ட அணு உறிஞ்சல் முறை இத்துறையில் பெரிய திருப்பம். நீரைச் சுடரில் தெளித்து, தனிமத்துக்குரிய ஒளியை அதனூடே செலுத்தினால், அத்தனிமத்தின் அணுக்கள் தமக்குரிய ஒளியை விழுங்கிக்கொள்ளும். எவ்வளவு ஒளி குறைந்தது என்பதே எவ்வளவு பொருள் இருந்தது என்பதற்குச் சான்று.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கும் செய்திகள் என்று நினைத்துவிட வேண்டா. அன்னூருக்குத் தெற்கே நொய்யல் ஆறு ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர்ந்தது. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அது சோறிட்டது. துணியில் சாயம் ஏறுவதற்குச் சாயப்பட்டறைகளில் உப்பு பெருமளவில் சேர்க்கப்படும். சாயம் துணியில் தங்கும். உப்போ கழிவுநீரோடு வெளியேறும். அந்நீர் ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. உழவர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கவென்று ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை ஒன்று செயலுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளே அதில் தேங்கியது சாயக் கழிவே ஆயிற்று. அணையில் நீரைத் தேக்குங்கள் என்று வேண்ட வேண்டிய உழவர்கள், தேக்காதீர்கள் என்று முறையிட நேர்ந்தது. சுற்றுவட்டக் கிணறுகள் உவர்த்தன.

உழவர் நீதிமன்றம் சென்றனர். எங்கள் கிணறு கெட்டது என்று உழவர் சொன்னால் அது ஒரு முறையீடு. கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு இவ்வளவு என்று ஆய்வுக்கூடம் எழுதித் தந்தால் அது ஒரு சான்று. வெளியேற்றும் கழிவில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருத்தல் ஆகாது என்பது விதி. நீரை ஆவியாக்கி எஞ்சிய உப்பை நிறுக்கும் எளிய சோதனை, வழக்கின் உயிர்நாடியாயிற்று. 2006-இல் சென்னை உயர்நீதிமன்றமும் 2009-இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பு வழங்கின. அவை முற்றும் நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு அதன்பின் கட்டாயமாயிற்று. தொழிலாளரின் கூலியும் உழவரின் கிணறும் எதிர் எதிரே நின்ற துயரமான காலம் அது. தொடக்கத்திலேயே அளந்து, அளந்ததை மதித்திருந்தால் இருவரின் துன்பமும் குறைந்திருக்கும்.

சான்று சான்றாக நிற்க வேண்டுமானால், நீரை எடுக்கும் முறை பழுதற்றதாக இருத்தல் வேண்டும். இறைப்பியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, குழாயில் தங்கிய பழைய நீர் போன பின்னரே எடுக்க வேண்டும். உப்புச் சோதனைக்குத் தூய புட்டியை அந்நீராலேயே மூன்று முறை அலசி நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கோ முன்பே கிருமிநீக்கம் செய்த புட்டியையே கொள்ள வேண்டும். அதை அலசுதல் கூடாது. வாயில் விரல் படுதலும் கூடாது. பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்து விரைந்து அனுப்ப வேண்டும். எந்தக் கிணறு, எந்த நாள், எந்த நேரம், என்ன ஆழம் என்று உடனே எழுதி ஒட்ட வேண்டும். புட்டியில் நேர்ந்த பிழையை எந்த விலையுயர்ந்த கருவியும் திருத்திவிட முடியாது. மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் சோதிப்பது நலம். நிலத்தடி நீர் பருவத்துக்குப் பருவம் மாறுவது.

மீண்டும் அன்னூருக்கு வருவோம். 2021-இல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டாரங்களில் 3,500 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் தொழிற்பூங்கா அமைக்க அரசு எண்ணியபோது, உழவர்கள் தம் நிலத்துக்காகவும் நீருக்காகவும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நொய்யலின் நினைவு அவர்கள் நெஞ்சில் இருந்தது. பின்னர் 2022-இல் அரசு அத்திட்டத்தைச் சுருக்கி, மாசு விளைவிக்காத தொழில்களையே அமைப்பதாக அறிவித்தது. 2024 ஆகஸ்டு 17-இல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரிநீரை மேட்டுக்கு ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளங்களையும் குட்டைகளையும் நிரப்பி, நிலத்தடி நீரைப் பெருக்குவது அதன் நோக்கம். பல பத்தாண்டுகளாக அன்னூர் மக்களும் அண்டை ஊரினரும் கேட்டுப் பெற்ற வரம் அது.

அவ்வரத்தோடு ஒரு கடமையும் வந்திருக்கிறது. குளத்தில் நிற்கும் நீரே பாறையின் வெடிப்பு வழியே கிணற்றுக்கு இறங்குகிறது. குளத்தில் கொட்டிய குப்பையும் கழிவும் அதே வழியிலே இறங்கும். ஆற்றில் கலந்த அழுக்கை அடுத்த வெள்ளம் அடித்துச் செல்லலாம். பாறைக்குள் புகுந்த அழுக்கு எளிதில் வெளியேறாது. அதை நீக்குவதற்குப் பல தலைமுறைகள் ஆதல் கூடும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் உள்ள பியூரெட்டைத் தேர்வுக்கு மட்டும் உரிய கருவியாகக் கருதாதீர்கள். உங்கள் ஊர்க் கிணற்று நீரை ஒரு புட்டியில் எடுத்து வாருங்கள். ஆசிரியர் துணைகொண்டு அதன் உப்பையும் கடினத்தன்மையையும் அளந்து, நாளும் அளவும் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வரும் மாணவர் அதைத் தொடரட்டும். பத்தாண்டுக்குப் பின் அந்த ஏட்டைப் புரட்டுபவன், தன் ஊர் நீர் எவ்வாறு மாறி வந்தது என்பதை எவரையும் கேளாமல் அறிவான். கேடு நேருமாயின், அது முற்றுமுன்னே அறிவான்.

நெல்லூரின் சிற்றூர் மக்கள் தெளிந்த நீரையே குடித்தார்கள். ஆனால் அது தேர்ந்த நீர் அன்று. அவர்கள் முதுகு வளையாமற் போனதன் பின்னரே உண்மை வெளிப்பட்டது. நமக்கு அந்த நிலை நேர வேண்டியதில்லை. அவர்கள் பெறாத அறிவை நாம் பெற்றிருக்கிறோம்.